மாவிளக்கு எடுக்காத வீடு

மார்ச் 30, ஞாயிறு

தாரணியைக் காங்கயத்தில் என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு மதியப் பஸ்ஸில் திரும்பினேன். பரீட்சை முடிகிற வரை அங்கேயே இருக்கட்டும் என்பது இவருடைய யோசனை. மகள் எத்தனையாவது படிக்கிறாள் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுகிற மனிதருக்குத் திடீரென்று படிப்பில் அக்கறை வந்துவிட்டது. நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன்.

வந்து பார்த்தால் மூத்தவர் உட்கார்ந்திருக்கிறார். இவருடைய அண்ணன் மயில்சாமியைத்தான் மூத்தவர் என்போம். பெண்டாட்டி பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள், அவர் மட்டும் வந்து போவார். மாரியம்மன் நோம்பிக்குச் சாட்டுப் போட்டு, திருவிழாவை அறிவித்தாகிவிட்டதால் ஊரில் கறி புழங்கக்கூடாது. பெரிய மகனுக்குக் கோழி அடிக்க முடியவில்லையே என்று என் மாமியாருக்கு ஒரே வருத்தம். நான் காப்பி கொண்டுபோனதும் தாயும் பிள்ளைகளும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். என் காப்பி அவ்வளவு மோசமில்லை.

கிணற்றுக்காட்டைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். இந்த வீட்டில் வேறு பேச்சு ஏது? கிணறும் அதைச் சுற்றியுள்ள காட்டு நிலமும் என் மாமனாருக்கும் அவருடைய அண்ணன் சென்னியப்பனுக்கும், அதாவது பெரியமாமாவுக்கும், பொது. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். கிடங்கு கட்டுவதற்கு ஒரு கம்பெனிக்காரன் கேட்கிறான், விற்றுவிடலாம் என்கிறார்கள் இவர்கள். பெரியமாமா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். பிள்ளை குட்டி இல்லாத மனிதர், யாருக்காகக் கட்டிக் காக்கிறார் என்பது இவர்கள் கேள்வி. கேஸ் நடக்கிறது. நடக்கிற வரை யாரும் மோட்டாரில் கை வைக்கக்கூடாது என்று பெரியமாமா சுவிட்சு ரூமைப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். எங்கள் வீட்டுக் குழாய்க்கும் அந்தத் தண்ணீர்தான். காலையும் மாலையும் அவரே வந்து போட்டுவிட்டுப் போவார், ஒரு நாளும் தவறியதில்லை. தம்பி மக்களோடு பேச்சு வார்த்தை கிடையாது. என்னோடு பேசுவார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கோயில் முன்னால் நோம்பிக் கம்பம் நட்டார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றக் குடத்தைத் தூக்கிப் போய் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

இடம் விற்றால் காங்கயத்தில் வீடு வாங்கித் தருவதாக இவர் சொல்லியிருக்கிறார். சமையலறைத் தரைக்கு என்ன நிறத்தில் கல் போடுவது என்றுகூட நான் முடிவு பண்ணிவிட்டேன். சாம்பல் நிறம். அழுக்குத் தெரியாது. ஆசைப்படுவதில் என்ன தப்பு? பதினைந்து வருடமாக இந்தப் புழுதியில் கிடக்கிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

தவிடு கலக்கப் போனபோது மாட்டுச்சாளைக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். “நோம்பியன்னைக்கு ஊரே கோயில்ல இருக்கும்” என்று மூத்தவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. நோம்பியன்று ஊர் கோயிலில் இல்லாமல் வேறெங்கே இருக்கும்? தவிட்டைக் கலக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாவிளக்கு புதன்கிழமை. அன்று மத்தியானத்துக்கு மேல் பெரியமாமாவுக்கு நான் ஒரு போன் பண்ண வேண்டுமாம். குழாயில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை போலிருக்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்ல வேண்டுமாம்.

எதற்கு என்று கேட்டேன். நல்ல நாள், சமாதானம் பேசத்தான் என்றார் இவர். நாங்கள் கூப்பிட்டால் வர மாட்டார், நீ கூப்பிட்டால் வருவார் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சமாதானம் ஆனால் எல்லோருக்கும் நல்லது.

ஏப்ரல் 7, திங்கள்

பாய், போர்வையெல்லாம் துவைக்கக் கிணற்றுமேட்டுத் தொட்டிக்குப் போனேன். எங்கள் கிணறு ஆழம். உள்ளே கல்படிக்கட்டு சுவரோரமாகவே இறங்கி, பாதியில் ஒரு திருப்பம் திரும்பி, மோட்டார் வைத்திருக்கிற மேடைக்குப் போகும். படிக்கட்டு நெடுக இரும்புக் குழாயில் கைப்பிடி உண்டு. மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் கீழே இறங்கித்தான் சரிபண்ண வேண்டும்.

சோப்புக் கட்டி கை தவறி உள்ளே படியில் விழுந்துவிட்டது. எடுக்கலாம் என்று நான்கு படி இறங்கினேன். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் கைப்பிடி இல்லை. மேலே இருக்கிறது, அந்தத் திருப்பத்தில் மட்டும் கழற்றியிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாது. சோப்பு போனால் போகட்டும் என்று ஏறி வந்துவிட்டேன்.

இவரிடம் கேட்டேன். வெல்டிங் விட்டுப்போச்சு, பட்டறையில் கொடுத்திருக்கிறது என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் மோட்டார் போட வந்த பெரியமாமா தண்ணீர் மட்டம் பார்க்க நாலு படி இறங்கி, கைப்பிடி இல்லாததைப் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “அதை மாட்டற வரைக்கும் நான் கீழ எறங்கறதா இல்லீங் அம்மிணி. இந்த வயசுல காலு ஒரு நெலையில நிக்கறதில்ல. அவனுங்ககிட்ட நீயே சொல்லிப்போடு.”

சொல்கிறேன் மாமா என்றேன்.

இன்று நிறைய வேலை. வீடு ஒட்டடை அடித்து, பாத்திரமெல்லாம் புளி போட்டுத் தேய்த்து, சாமி அறையைக் கழுவி விட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

காலையிலேயே அரிசியை ஊறப்போட்டு, பத்து மணிக்குள் உரலில் இடித்துச் சலித்தாயிற்று. மாமியார் கை மாவிளக்கு என்றால் ஊருக்கே தெரியும். வெல்லப் பாகு சேர்த்து உருட்டி, நடுவில் குழி பண்ணி நெய் ஊற்றித் திரி போட்டால் தேர்க்கலசம் மாதிரி நிற்கும். ஆயிரம் சொன்னாலும் அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மூன்று மணிக்கு மேல் போன் செய்தேன். மாவு இடிக்க வேண்டும், குழாயில் தண்ணீர் வரவில்லை மாமா என்றேன். ஆத்தாளுக்கு மாவு இடிக்கத் தண்ணீர் இல்லையா, இதோ வருகிறேன் என்றார். அவ்வளவுதான் பேசினது.

அண்ணனும் தம்பியும் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள்.

ஐந்து மணி இருக்கும், இவர் மட்டும் கொல்லைப்புறமாக வந்தார். வேட்டி இடுப்பு வரை நனைந்து, முழங்கை சிராய்த்திருந்தது. என்ன ஆச்சு என்றேன். வாய்க்காலில் வழுக்கிவிட்டது என்றார். வாய்க்காலில் தண்ணீர் வந்து மாசக்கணக்காகிறது. மாமியாரைத் தனியாக மாட்டுச்சாளைக்குக் கூட்டிப்போய் ஏதோ பேசினார்.

அதற்குள் நான் பட்டுச்சேலை மாற்றி, தட்டில் மாவிளக்கு, தேங்காய், பழம், பூ எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். தெருவில் மேளம் கேட்டது. மாமியார் சாளையிலிருந்து வந்தார். தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எறக்கி வெய்யி” என்றார்.

நேரமாகிறது அத்தை என்றேன். எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது, நீயும் போக வேண்டாம் என்றார். தட்டை நானே இறக்கி வைக்கிறதற்குள் பிடுங்கிச் சமையலறை மூலையில் வைத்து முறத்தால் மூடினார். பிறகு கொல்லைக்குப் போய்க் கட்டின சேலையோடு தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். காய்ச்சல்காரி. என்னையும் குளிக்கச் சொன்னார். சாமி அறையில் விளக்குப் போடப் போனேன், அதையும் வேண்டாம் என்றார்.

அந்த நேரத்தில் பெரியத்தை, பெரியமாமாவின் சம்சாரம் பாவாத்தாள், தட்டோடு வந்து வாசலில் நின்று கூப்பிட்டார். பெரியமாமா மோட்டாரைப் பார்த்துவிட்டு நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவார், நாம் சேர்ந்து போகலாம் என்றார். மாமியார் ஈரத் தலையோடு கதவருகில் நின்றார். வாசலுக்கு வரவில்லை.

“நீங்களும் போவாதீங்கக்கா” என்றார்.

ஏன் நாச்சா என்று பெரியத்தை கேட்டார். ஒன்றுமில்லை, காய்ச்சல் என்று கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதார். ஆத்தா, அவ தெரியாம வாரா, தெரியாம வாரா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

 

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் பெரியமாமாவைக் கிணற்றில் பார்த்தார்கள்.

ராத்திரி கம்பத்தடியில் படுத்துவிட்டார் போல என்று பெரியத்தை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆண்கள் நோம்பியன்று அப்படித்தான் செய்வார்கள். விடிந்தும் வராமல் தேடியிருக்கிறார்கள். மோட்டார் மேடை ஓரத்தில் செருப்பு ஒன்று மட்டும் கிடந்ததாம்.

கைப்பிடி இல்லாத நேரத்தில் இறங்கிவிட்டாரே என்று ஊரே பேசியது. போலீஸ் வந்து, பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், சாயங்காலம் கொடுத்தார்கள்.

பிள்ளை இல்லாதவர். தம்பி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். மூத்தவர் இடுப்புவலி என்று ஒதுங்கிக்கொண்டார், இவர் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டார். தோளில் குடத்தை வைத்துச் சுற்றும்போது ஒரு சுற்று முடிவதற்குள் குடம் கை நழுவி விழுந்து உடைந்தது. பாவம், பெரியப்பன் மேல் அவ்வளவு பாசம் என்று பக்கத்தில் நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

நானும் அழுதேன். நிஜமாகத்தான் அழுதேன்.

ஏப்ரல் 12, சனி

மூன்றாம் நாள். பெரியத்தை வீட்டில் பெண்கள் கூடியிருந்தோம். பூசாரி சம்சாரம் பேச்சை எடுத்தாள். புருசன் போனது தெரியாமல் பாவாத்தாள் தீட்டோடு கோயிலுக்குள் மாவிளக்கு எடுத்து வந்துவிட்டாள், தெரியாமல் நடந்ததுதான், ஆனாலும் கோயிலுக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்றாள். பெரியத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது அவள் என் மாமியார் பக்கம் திரும்பி, நல்ல மனதோடுதான், இதைச் சொன்னாள்: “பங்காளி வூடு, உங்களுக்கும்தான் தீட்டு. உங்க வூட்டு மாவிளக்கு மட்டும் வர்ல பாருங்க. ஆத்தா உங்களைக் காப்பாத்தீட்டா.”

பெரியத்தை மெல்லத் தலையை நிமிர்த்தி என் மாமியாரைப் பார்த்தார். மாமியார் தரையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

செத்த வீட்டுக்காரிக்கே தெரியாத சாவுக்கு முதல் நாள் சாயங்காலமே தலை முழுகியவர் அவர். மனிதனைத் தள்ள ஒத்துக்கொண்டவருக்கு, தீட்டோடு மாரியாத்தா முன்னால் போய் நிற்கப் பயம். நானும் தலை முழுகினேன். குளி என்றார், குளித்தேன். மனிதனைத் தள்ள என்று மேலே எழுதினதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தாலும் எழுதினது எழுதினதுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, உள்ளே வாளியையும் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் குளிக்கிறேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எஸ்.ஐ. வந்தார். சின்ன வயது, மரியாதையாகத்தான் பேசினார். இறந்தவருக்குக் கடைசியாக வந்த போன் என்னுடையது, என்ன பேசினீர்கள் என்று கேட்டார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னேன் என்றேன். தண்ணீர் நிஜமாகவே வரவில்லையா என்றார். வரவில்லை என்றேன். இவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

“கைப்பிடி மாட்டற வரைக்கும் எறங்க மாட்டேன்னு அவரு சம்சாரத்துகிட்ட சொல்லியிருக்காரு. அப்புறம் ஏம்மா எறங்குனாரு?”

தெரியாதுங்க என்றேன்.

அவர் எழுதிக்கொள்ளவில்லை. தண்ணீர் கேட்டார். சொம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். சிந்திவிட்டது.

ஏப்ரல் 16, புதன்

இவரிடம் நேராகக் கேட்டுவிட்டேன். சமாதானம் பேசத்தானே கூப்பிடச் சொன்னீர்கள் என்றேன். பேசத்தான் போனோம் என்றார். பேச்சு முற்றிவிட்டது என்றார். யார் கை பட்டது என்று கேட்டேன். அண்ணன்தான் என்றார். மூத்தவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்து, நீதானடா காலைப் பிடித்து இழுத்தாய் என்றார். இரண்டு ஆண்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி நீ நீ என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

மாமியார்தான் அதட்டினார். “யாரு கை பட்டுதுன்னு யாரும் யாரையும் கேக்க வேண்டாம். நாலு பேரும் ஒரே அடுப்புச் சோறு திங்கறோம். ஒருத்தர் வாயத் தொறந்தா நாலு பேருக்கும் சோறு ஜெயில்ல.”

நாலு பேரா என்றேன். எனக்கு எதுவும் தெரியாதே அத்தை என்றேன்.

இவர் சிரித்தார். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. போன் உன்னுடையது என்றார்.

ஏப்ரல் 17, வியாழன்

தாரணி போன் செய்தாள். கணக்குப் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். எப்போது வந்து கூட்டிப்போவாய் என்றாள். உனக்கு அங்கேதான் நல்லது கண்ணு என்றேன். என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

துணி எடுக்க மாடிக்குப் போனேன். கீழே வேப்பமரத்தடியில் மூத்தவர் இவரிடம் பேசுவது கேட்டது. உன் பெண்டாட்டி வாய் சும்மா இருக்குமா என்று கேட்டார். இவர் உடனே பதில் சொல்லவில்லை. இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்ல ஒரு புருசனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

மோட்டார் இப்போது இவர்கள் கையில். குழாயில் தண்ணீர் தாராளமாக வருகிறது. அந்தத் தண்ணீரில்தான் சமைக்கிறேன், அதைத்தான் குடிக்கிறேன். கிணற்றுப் பக்கம் போகச் சொன்னால் இடுப்புவலி என்கிறேன். இவர் கொடுக்கிற காப்பியைக்கூட அவர் முதலில் குடிக்கட்டும் என்று ஆற்றிக்கொண்டே நிற்கிறேன். பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

கருமாதி முடிந்தது. நூறு பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். பருப்பு வடை நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். பந்தியில் பரிமாறியது நான்தான்.

பந்தல் பிரிப்பதற்குள் மூத்தவர் பேச்சை ஆரம்பித்துவிட்டார். பெரியத்தை தன் பாகத்தை விட்டுக்கொடுத்து எழுதித் தர வேண்டும், காலம் முழுக்கச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். போய்ப் பேசுவது யார்? மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நீ கூப்பிட்டால் வருவார் என்று முன்பும் சொன்னார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்று முழுக்க ஒத்திப்போட்டேன். இன்று காலை பெரியத்தை வீட்டு வாசல் வரை இவரே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

பெரியத்தை கதவை உடனே திறக்கவில்லை. ஜன்னல் வழியாக நான்தான் என்று பார்த்துவிட்டுத் திறந்தார். உள்ளே போனதும் மறுபடி தாழ்ப்பாள் போட்டார். பகல் பதினோரு மணிக்குத் தாழ்ப்பாள். அவரும் என்னைப் போலத்தான் இருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு வித்தியாசம், அவர் எங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். மனப்பாடம் பண்ணினதை ஒப்பிப்பது மாதிரி ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் கண்ணு, அந்தக் காட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன், உயிரோடு இருந்தால் போதும் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

பிறகு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். நாச்சம்மா ஈரத் தலையோடு நின்றதை நினைத்து நினைத்துப் பார்த்தேன், எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றார். அழவில்லை. எஸ்.ஐ. திரும்பவும் வந்து கேட்டாராம். உன்னைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை என்றார். உன்னையும் அவர்கள் ஏமாற்றித்தான் போன் பண்ண வைத்திருப்பார்கள், உனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது, நீ தெரியாது என்று சொல், நானும் அப்படியே சொல்கிறேன் என்றார்.

நான் சரி என்று தலையாட்டினேன்.

“ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லீரு” என்றார். “நீ போன் பண்ணப்ப நான் பக்கத்துலதான் பூ கட்டீட்டு இருந்தேன். நீ பேசுனது எனக்குக் கேக்கல. அவரு பேசுனதுதான் கேட்டுது. கைப்பிடி மாட்டீட்டாங்களா அம்மிணின்னு உங்கிட்ட கேட்டாரு. கேட்டுட்டு, சரி அப்பன்னா வாரேன்னாரு. நீ என்ன சொன்ன?”

அந்தக் கேள்வியை நான் இந்த நோட்டில் எழுதவில்லை. அவ்வளவுதான் பேசினது என்று எழுதினேன். எழுதாமல் விட்டால் நடக்காமல் போய்விடும் என்று நினைத்தேனோ என்னவோ. மாவு பத்து மணிக்கே இடித்தாகிவிட்டது. குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. கைப்பிடி எங்கே இல்லை என்று என் கண்ணால் பார்த்திருந்தேன். அவர் கேட்டார். என் சாம்பல் நிறத் தரை என் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கேட்கவில்லை, அவர் அப்படிக் கேட்கவே இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“மாட்டியாச்சுங் மாமான்னு சொன்னேன்” என்றேன்.

பிடித்த கையை அவர் விடவில்லை. பிடி மட்டும் தளர்ந்தது. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

இதைப் போலீஸ் ஸ்டேஷனில் வந்து சொல்வாயா என்று கேட்டார்.

“சொன்னா என்னையும் உள்ள வெப்பாங்க பெரியத்தை.”

“ஆமா கண்ணு. வெப்பாங்க.”

அவ்வளவுதான். ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் நல்லது. யாராவது ஆறுதல் சொல்லியிருந்தால் நான் மறுபடி பொய்க்குப் போயிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார், நாளைக்கே டவுனுக்கு வக்கீலிடம் போகலாம் என்கிறார் என்றேன். இவர் என் தோளைத் தட்டினார். மூத்தவர் எனக்குப் பிடிக்கும் என்று ஜிலேபி வாங்கி வந்தார். இரண்டு தின்றேன்.

ஏப்ரல் 23, புதன்

காலையில் அம்மாவுக்குப் போன் செய்து தாரணியை நன்றாகப் பார்த்துக்கொள் என்றேன். ஏன் என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். தாரணி தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப வேண்டாம் என்றேன். எழுப்பியிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன்.

இவரே காரை எடுத்தார். பெரியத்தையைப் பின்சீட்டில் ஏற்றி, வெயில் படாமல் ஜன்னலுக்குத் துண்டு போட்டு மறைத்தார். வழியில் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார். பெரியத்தை குடித்தார். வக்கீல் ஆபீஸ் முன்னால் எங்களை இறக்கிவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு வருகிறேன், படியேறிப் போய் உட்காருங்கள் என்றார்.

வக்கீல் ஆபீஸ் மாடியில். போலீஸ் ஸ்டேஷன், ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பெரியத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்கு யார் துணை என்று தெரியவில்லை. கடந்து வந்துவிட்டோம்.

இப்போது ஸ்டேஷனுக்குள் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னல் வழியாக இவர் தெரிகிறார். மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துத் தெருவில் இரண்டு பக்கமும் தேடுகிறார். மொட்டைத் தலையில் முடி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. என் போன் மடியில் அடித்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு எப்படிப் பயமாக இருக்கிறது என்றால், எழுந்து ஓடிப்போய் அவர் பக்கத்திலேயே நின்றுகொள்ளலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

ஒரு பெண் போலீஸ் வந்து யாரைப் பார்க்க வேண்டும், என்ன விஷயம் என்று கேட்டாள். நான் பெரியத்தையைப் பார்த்தேன். அவர் சொல்லிவிடுவார், நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன்.

பெரியத்தை என் கையை விட்டார்.

“நீயே சொல்லு” என்றார்.

கிணற்றில் விழுந்த சென்னியப்பன் விஷயம் என்றேன். நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டாள்.

“அவரைக் கூப்பிட்டவ” என்றேன்.

இன்ஸ்பெக்டரைக் கூட்டிவரப் போயிருக்கிறாள்.